புகைக்கு ஒரு நீதி, ஆவிக்கு ஒரு நீதி

போன மாதம் ஒரு காதுகுத்துக்காக எம்.ரெட்டியபட்டிக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். வழி நெடுகச் சீமைக் கருவேலம். நடுநடுவே ஐப்பசி மழையை நம்பி உழுத கரிசல். காலையில் பட்டாசு ஆபீஸ் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், பகலில் அந்தப் பக்கத்து ஊர்களில் மிச்சம் இருப்பது வயசாளிகளும் ஆடுகளும்தான்.

மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து எழுந்ததும் வெற்றிலை போட வேண்டும் போலிருந்தது. தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனேன். எழுபது வயதுப் பாட்டி. கடை என்றால் நாலு பலகை, ஒரு தகரக் கூரை. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, போயிலை, பீடிக்கட்டு, தீப்பெட்டி, ஷாம்பு சரம், கடலைமிட்டாய் பாட்டில், முறுக்கு பாட்டில். பிரித்த சிகரெட் பாக்கெட் ஒன்று கல்லாப்பெட்டி மேல்.

எனக்கு முன்னால் ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். விழா வீட்டுக்காரரின் தங்கை மகன். துபாயில் எலக்ட்ரீஷியன். நாற்பது நாள் லீவில் வந்திருக்கிறான்.

“அப்பத்தா, ஒண்ணு குடு.”

பாட்டி ஒரே ஒரு சிகரெட்டை உருவிக் கொடுத்தார். அவன் பற்ற வைத்துக்கொண்டு, நான் பார்ப்பதைக் கவனித்து, கூச்சத்தோடு சொன்னான்: “விட்டுட்டேன் சார். பதினாலு மாசமா தொடவே இல்ல. அங்க வேப்ல மாறிட்டேன். ஏர்போர்ட்ல பெட்டியத் திறந்து அத எடுத்துக்கிட்டாங்க. மூணு நாள் தாக்குப் பிடிச்சேன். நாலாவது நாள் இங்க வந்து நின்னுட்டேன். பத்து நாளா ஓடுது.”

பதினேழு வயதில் ஆரம்பித்ததாம். ஒரு நாளைக்குப் பத்து.

பாட்டிக்கு வேறு கவலை. “ஏஞ்சாமி, ஒத்தச் சிகரெட்டு விக்கக் கூடாதுன்னு சட்டம் வரப்போகுதாமே, நெசமா? சரக்குப் போடுற தம்பி சொன்னான். பாக்கெட்டாத்தான் விக்கணும்னா இந்த ஊர்ல யாரு வாங்குவா?”

இந்த வாரம் இந்த இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒருவன் சிகரெட்டை விட்டவன். சட்டம் அவனைத் திரும்பச் சிகரெட்டுக்கே அனுப்பி வைத்தது. இன்னொருவர் சிகரெட் விற்றுப் பிழைப்பவர். அடுத்து வரும் சட்டம் அவர் கடையைப் பிடுங்கப் பார்க்கிறது. நடுவில் சிகரெட் தயாரிக்கிற கம்பெனிக்கு என்ன ஆனது என்று நீங்கள் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கடிதம் எழுத பேனாவை எடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புகையிலைக்கு வக்கீல் இல்லை. இந்த நாட்டில் புகையிலையால் வருடத்துக்குச் சுமார் பதிமூன்றரை லட்சம் பேர் சாகிறார்கள். 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி 26.7 கோடி பெரியவர்கள் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். இதைக் குறைக்கச் சட்டம் வேண்டும், கடுமையாகவே வேண்டும். எனக்குச் சண்டை, அந்தக் கடுமை யார் பக்கம் திரும்புகிறது என்பதில்தான்.

சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டலாம். பயப்படாதீர்கள், இரண்டே பக்கம்.

2019 செப்டம்பர் 18. மத்திய அரசு அவசர அவசரமாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறி முழுச் சட்டமானது. இ-சிகரெட்டைத் தயாரித்தால், இறக்குமதி செய்தால், விற்றால், விளம்பரம் செய்தால் முதல் தடவை ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருடம், ஐந்து லட்சம். சேர்த்து வைத்திருந்தால்கூட ஆறு மாதம். தமிழ்நாடு இன்னும் வேகம். நம் அரசு 2018-லேயே தடை போட்டுவிட்டது. (அதே 2018-ல்தான், 2013-லிருந்து தடையில் இருந்த குட்கா விற்பனைக்கு லஞ்சம் வாங்கினார்கள் என்ற வழக்கில் ஓர் அமைச்சர் வீட்டிலும் ஒரு டி.ஜி.பி. வீட்டிலும் சி.பி.ஐ. சோதனை போட்டது. தடை என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

அடுத்த பக்கம், 2003-ம் வருடத்துச் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குச் சிகரெட் விற்றால் இந்தச் சட்டத்தில் என்ன தண்டனை? 200 ரூபாய் வரை அபராதம். பிற்பாடு 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டம் ஏழு வருடம் வரை சிறை என்று மிரட்டுகிறது, உண்மைதான். அந்தப் பிரிவில் ஜெயிலுக்குப் போன கடைக்காரரை உங்களில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஆக, புகை விற்றால் இருநூறு ரூபாய். ஆவி விற்றால் ஒரு லட்சமும் ஜெயிலும்.

ஆவி என்றதும் பேய் என்று நினைத்துவிடாதீர்கள். இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. நிகோடின் கலந்த திரவத்தை பேட்டரி சூடாக்குகிறது, ஆவி வருகிறது, அதை இழுக்கிறார்கள். சிகரெட்டில் இலையும் தாளும் எரிகின்றன; புற்றுநோயைக் கொண்டுவரும் ரசாயனங்களில் பெரும்பாலானவை அந்த எரிதலில் பிறக்கின்றன. நிகோடின் அடிமையாக்கும், வளர்கிற மூளைக்குக் கெடுதல், கர்ப்பிணிகளுக்குக் கெடுதல். ஆனால் அதே நிகோடினை சூயிங்கம் வடிவில், இரண்டு மில்லிகிராம் அளவில், டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் விற்க நம் அரசாங்கமே அனுமதித்திருக்கிறது. சிகரெட்டை விட உதவும் என்று.

அரசாங்கத்துக்கும் காரணங்கள் இருந்தன. மாம்பழ வாசனை, புதினா வாசனை என்று அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக இந்தப் பழக்கத்துக்கு இழுத்தார்கள். 2019-ல் அதே வாரங்களில்தான் அங்கே நுரையீரல் பாதித்து இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான சாவுக்குக் காரணம் கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அது தெளிவாகவில்லை. பயந்தது நியாயம். தடை போட்டது ஒரு முடிவு. ஆனால் பிள்ளைகள் மேல் இவ்வளவு அக்கறை உள்ள அரசு, அதே பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்பதற்கான இருநூறு ரூபாயை அதே வாரத்தில் இரண்டாயிரமாகக்கூட ஆக்கவில்லையே, ஏன்?

அவசரச் சட்ட அறிவிப்பு வந்த அன்றைக்குப் பங்குச் சந்தையில் சிகரெட் கம்பெனிப் பங்குகள் விலை ஏறின. பங்குச் சந்தைக்குக் கருணை கிடையாது, ஆனால் கணக்குத் தெரியும்.

இங்கிலாந்து வேறு மாதிரி யோசித்தது. 2015-ல் அந்த நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு, இ-சிகரெட் சாதாரண சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவிகிதம் கெடுதல் குறைவு என்றது. அந்த எண்ணிக்கையை ஒத்துக்கொள்ளாத டாக்டர்களும் இருக்கிறார்கள். நானும் அதை அப்படியே நம்பவில்லை. 2023-ல் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு, சிகரெட்டை விடுவதற்காக, அரசே வேப் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. பிள்ளைகள் கையில் போவது தெரிந்ததும், ஒரு தடவை உபயோகித்துத் தூக்கியெறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். பெரியவனுக்கு ஒரு வழி, சின்னப் பையனுக்கு ஒரு பூட்டு என்று நான் சொல்வேன்.

இங்கே தடைக்குப் பிறகு வேப் ஒழிந்ததா? பெரிய ஊர்களில் விசாரித்தால் கிடைக்கிறது. உள்ளே என்ன திரவம், எவ்வளவு நிகோடின், எவன் கலந்தது, எதுவும் தெரியாது. 2025 டிசம்பரில் மக்களவைக்குள்ளேயே ஓர் எம்.பி. இ-சிகரெட் இழுக்கிறார் என்று இன்னொரு எம்.பி. எழுந்து புகார் சொன்னார். சட்டம் போட்ட இடத்திலேயே! ரெட்டியபட்டிப் பையனின் பெட்டியில் இருந்ததை மட்டும் கச்சிதமாகப் பிடித்துவிட்டோம்.

சரி, யாருக்கு லாபம்? காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தச் சட்டம் வந்தாலும் அதன் பின்னால் இருக்கும் பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்பேன்.

இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐ.டி.சி. அதன் பங்குகளில் ஏறக்குறைய 15 சதவிகிதம் எல்.ஐ.சி. கையில். இன்னொரு எட்டு சதவிகிதத்துக்குப் பக்கம் ‘சூட்டி’ என்ற அமைப்பின் கையில். சூட்டி ஞாபகம் இருக்கிறதா? யூனிட் 64 கவிழ்ந்து, யூனிட் டிரஸ்டை இரண்டாகப் பிரித்தபோது அரசாங்கத்தின் பொறுப்பில் வந்த பாதி. 2017 பிப்ரவரியில் அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்பட்டது. சூட்டியிடமிருந்த ஐ.டி.சி. பங்கில் இரண்டு சதவிகிதத்தைச் சுமார் 6,700 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வாங்கியது யார்? எல்.ஐ.சி. சட்டைப் பையிலிருந்து எடுத்து வேட்டி மடியில் வைத்துக்கொண்ட கதை.

எல்.ஐ.சி. பணம் யாருடையது? உங்களுடையது, என்னுடையது. ஒரே பிரீமியத்தில் நாம் உயிருக்கும் இன்ஷூரன்ஸ் போடுகிறோம், சிகரெட்டிலும் முதலீடு செய்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்டது. அரசாங்கங்கள் புகையிலைத் தொழிலில் முதலீடு செய்யக் கூடாது என்று அதன் வழிகாட்டு நெறி சொல்கிறது. அதே ஒப்பந்தத்தின் 17-வது பிரிவு இன்னொன்று சொல்கிறது: புகையிலைத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும், தேவைப்பட்டால் சில்லறை விற்பனையாளருக்கும் மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும். முதல் விஷயத்தைச் செய்யவில்லை. இரண்டாவதைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டேன். “எனக்கு முதியோர் பென்சன் வருதுய்யா, அதைச் சொல்றியா?” என்றார்.

அடுத்து பீடி. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, சிகரெட்டுக்கு 40 சதவிகிதம் என்றும், பீடிக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைப்பு என்றும் முடிவு செய்தது. பீடி இலைக்கு 18-லிருந்து 5. பீடி நுரையீரலுக்குச் சலுகை எதுவும் தருவதில்லை. சிகரெட்டைப் போலவே கொல்லும். பின் ஏன் குறைத்தார்கள்? அரசுக் கணக்குப்படி நாட்டில் சுமார் 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள். இரண்டு மாதத்தில் பீகார் தேர்தல். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மடியில் சொளவை வைத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சுற்றும் பெண்களுக்கு அந்தப் பத்து சதவிகிதத்தில் கூலி எவ்வளவு கூடியது என்று போய்க் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் என்று பீடி மேல் வசூலித்த நலநிதி வரி, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் அவசரம் இல்லை.

இப்போது கணக்கை நீங்களே போடுங்கள். சிகரெட்டில் அரசுக்கு வரியும் இருக்கிறது, பங்கும் இருக்கிறது. பீடியில் ஓட்டு இருக்கிறது. வேப்பில் மூன்றுமே இல்லை. தடை!

வேடிக்கை என்னவென்றால், 2014-ல் ஐ.டி.சி.யே ‘இயான்’ என்ற பெயரில் இ-சிகரெட் விற்றது. தடை வந்தபோது அந்தக் கடையைச் சாத்திவிட்டுப் பழைய கடையில் உட்கார்ந்துகொள்ள அவர்களால் முடிந்தது. பழைய கடையில்தானே நிஜ வியாபாரம்.

சரி, தடை வேண்டாம், கட்டுப்பாடு போதும் என்றால் சின்னவன் பிழைப்பானா? அங்கேயும் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவைப் பாருங்கள். இ-சிகரெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டு, பொதுச் சுகாதாரத்துக்கு உகந்தது என்று நிரூபிக்கச் சொன்னார்கள். 500-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் 65 லட்சம் பொருட்களுக்கு விண்ணப்பித்தன. லட்சக்கணக்கில் நிராகரிப்பு. கடை வைத்து, பின்கட்டில் திரவம் கலந்து விற்றுக்கொண்டிருந்த சின்ன ஆட்கள் ஆராய்ச்சிக்கும் வக்கீலுக்கும் எங்கே போவார்கள்? 2021 அக்டோபரில் முதல் அனுமதி கிடைத்த இ-சிகரெட் ‘வியூஸ்’. ரெனால்ட்ஸ் கம்பெனியுடையது. ரெனால்ட்ஸின் முதலாளி பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. அதே பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோதான் நம் ஐ.டி.சி.யிலும் மிகப் பெரிய பங்குதாரர். உலகம் உருண்டை என்பதைச் சிகரெட் கம்பெனிக்காரர்கள் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இது பி.காம். முதல் வருடப் பாடம்: நிலையான செலவு. லைசென்ஸ் கட்டணம், பரிசோதனை, படிவம், கணக்குப்பிள்ளை. கோடிப் பெட்டி விற்பவனுக்குப் பெட்டிக்கு அது தூசு. நூறு பெட்டி விற்பவனுக்கு அது கழுத்துக் கயிறு. பெரிய கம்பெனிகள் சில சமயம் கட்டுப்பாட்டைத் தாங்களே கேட்டு வாங்குவது இதனால்தான்.

இந்தப் பாடத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். 2020 கடைசியில் மத்திய சுகாதார அமைச்சகம் 2003 சட்டத்துக்கு ஒரு திருத்த முன்வரைவை வெளியிட்டது. வயது 18-லிருந்து 21 ஆகும். நல்லது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200-லிருந்து 2,000. அதுவும் சரி. சில்லறையாக ஒன்று, இரண்டு விற்கக் கூடாது. தயாரிக்க, விநியோகிக்க உரிமம் வேண்டும். சின்ன பீடிக் கம்பெனிக்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். முன்வரைவு வருடக்கணக்கில் முன்வரைவாகவே கிடந்தது. நடுவில் மகாராஷ்டிரம் 2020-லேயே சில்லறை விற்பனையைத் தடை செய்தது. கர்நாடகம் தன் பங்குக்கு வயதை 21 ஆக்கியது. பாட்டி காதில் விழுந்த செய்தி இந்த வகையறாதான்.

இதற்கும் முன்னால், 2017 செப்டம்பரில், அதே அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: புகையிலை விற்கும் கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் விற்க அனுமதிக்காதீர்கள். பிள்ளைகள் வந்து போகும் கடையில் சிகரெட் இருக்கக் கூடாது என்ற எண்ணம். டில்லியில் உட்கார்ந்து பார்த்தால் அழகான யோசனை. ரெட்டியபட்டியில் பாட்டி இரண்டு கடையா வைப்பார்? பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அந்தச் சீமையில் பல ஊர்களில் பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு கஜம் அளந்தால் ஊர் முடிந்து காடு வந்துவிடும்.

“சிகரெட்டு வித்து எனக்கென்ன மிச்சம்? சில்லறைக் காசுதான்” என்றார் பாட்டி. “ஆனா அதுக்கு வர்றவன்தான் முறுக்கு வாங்குவான், ஷாம்பு வாங்குவான். அவன் வரலைன்னா கடையச் சாத்த வேண்டியதுதான்.” கடைப் பொருளாதாரம் பற்றி இதைவிடச் சுருக்கமாக என் பேராசிரியர்கள் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சில்லறை விற்பனையைத் தடுப்பதை நான் எதிர்க்கவில்லை. பாக்கெட்டில் 85 சதவிகித இடத்தில் புற்றுநோய்ப் படம் போட வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து விதி. ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. பள்ளிக்கூடப் பையன் பாக்கெட் வாங்க மாட்டான், ஒன்று வாங்குவான். தடுக்கத்தான் வேண்டும். ஆனால் தடுக்கிறவர் பாட்டிக்கு மாற்றும் சொல்லிவிட்டுத் தடுக்கட்டும். சிகரெட் வரியில் ஒரு பங்கு, அதை விற்பதை விட்டுவிடச் சம்மதிக்கும் பெட்டிக்கடைகளுக்கு வட்டியில்லா முதலாகப் போகட்டும். உரிமக் கட்டணம் விற்றுமுதலுக்கு ஏற்ப இருக்கட்டும். கோடிக்காரனுக்குக் கோடி, பாட்டிக்குப் பத்து ரூபாய். பீடி நலநிதியைத் திரும்பக் கொண்டு வரட்டும். வேப்பையும் சிகரெட்டையும் ஒரே சட்டத்தில் கட்டட்டும்: வாசனை கிடையாது, விளம்பரம் கிடையாது, 21 வயதுக்குக் கீழே கிடையாது, ஏற்கெனவே புகைக்கிறவனுக்கு மருந்துக் கடையில் மட்டும். இல்லை, ஆவி அவ்வளவு ஆபத்து என்றால் புகையையும் அதே ஒரு லட்சம், ஒரு வருடம் தண்டனைக்குள் கொண்டு வரட்டும். நானே முதல் ஆளாகக் கை தட்டுகிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பங்குகளை விற்கட்டும். இதற்கு அவசரச் சட்டம்கூட வேண்டாம். புரோக்கருக்கு ஒரு போன் போதும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு டூ-வீலர் வந்து நின்றது. பின்னால் பெரிய பை கட்டிய சரக்குக்காரத் தம்பி. பாட்டி கேட்காமலே ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்து, நோட்டில் குறித்துக்கொண்டு, “செவ்வாய்க்கிழமை வர்றேன் ஆத்தா” என்று கிளம்பினான். குடிதண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று கேட்டேன். “அதச் சொல்ல முடியாது” என்றார் பாட்டி.

அருப்புக்கோட்டை பஸ் ஹாரன் கேட்டது. வெற்றிலைக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். துபாய்ப் பையன் புதுப் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லி இன்னொன்று வாங்கிக்கொண்டிருந்தான். லீவு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறதாம்.